ஓர் ஊரில் எத்தனை பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்? கணக்கெடுக்கும் முறையும் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் முறையும்

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வார்டில் 'ஏஎஃப்' என்றுதான் சொல்வார்கள்; இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒட்டியிருக்கும் சிறு பை அதற்குத் தோதான இடம். தேங்கிய ரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பாடம் இவ்வளவுதான். ஓர் ஊரில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது, அதனால் எத்தனை பக்கவாதம் வருகிறது என்று எண்ணப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரே ஊரில் ஒரு குழு 1% என்றும் இன்னொரு குழு 5% என்றும் சொல்லலாம். இரண்டு குழுவும் நேர்மையாகவே வேலை செய்திருக்கலாம். யாரைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாத ஏஎஃப் சதவீதத்துக்கு மதிப்பே கிடையாது. சமூக மருத்துவம் படிப்பவர்கள், கிராமப்புறக் கணக்கெடுப்பில் இறங்கும் செவிலியர்கள், தொண்டு நிறுவனக் குழுக்கள் ஆகியோருக்கு இந்தக் குறிப்பு. ஓரளவு மருத்துவச் சொற்கள் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

எதை ஏஎஃப் என்று எண்ணுவது

களத்துக்குப் போகும் முன்பே எழுதிவைக்க வேண்டியது இது. எல்லோரும் ஏற்கும் வரையறை: முழு 12 லீட் இசிஜியிலோ (இதயத்தின் மின்துடிப்பை 12 கோணங்களில் பதிவது), ஒற்றை லீட் பதிவில் (ஒரே கோணம்) குறைந்தது 30 நொடியோ, பி அலை (மேலறைகள் துடிப்பதைக் காட்டும் சிறு மேடு) தெரியாமல், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஏட்ரியல் ஃப்ளட்டரையும் (மேலறைகள் மிக வேகமாக, ஆனால் ஒழுங்காகத் துடிப்பது) சேர்த்து எண்ணப் போகிறீர்களா, தனியாகவா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதி வழியில் மாற்றினால் பழைய பதிவு அத்தனையையும் மறுபடி படிக்க வேண்டிவரும்.

ஏற்கெனவே ஏஎஃப் என்று மருத்துவர் சொன்ன ஒருவர், நீங்கள் போன அன்று சீரான துடிப்போடு இருக்கலாம். வந்துவந்து போகும் வகை அது. அவரையும் ஏஎஃப் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் 'முன்பே தெரிந்தது' என்ற தனிக் கட்டத்தில். வாய்ச்சொல் மட்டும் போதாது. பழைய இசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். "ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை" என்று சொல்பவரிடம் பெரும்பாலும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ இருக்கும். அது ஏஎஃபுக்குச் சான்று ஆகாது. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளான வார்ஃபரின், அசினோகூமரால், டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் அட்டை கிடைத்தால் ஏன் எழுதினார்கள் என்று தோண்டிப் பாருங்கள். செயற்கை வால்வுக்காக இருக்கலாம், காலில் ரத்தம் கட்டியதற்காகவும் இருக்கலாம்.

சமீபத்தில் நிமோனியாவோ பெரிய அறுவை சிகிச்சையோ நடந்ததா, தைராய்டு கூடுதலா என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை நீக்க வேண்டாம், தனியே காட்டினால் போதும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலும் ஹல்லாண்டிலும் 75, 76 வயதுக்காரர்களை அழைத்து நடந்தது ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வு. வந்தவர்கள் 7,173 பேர். ஆளுக்கொரு கையடக்க இசிஜி கருவி கொடுத்து, இரண்டு வாரம் தினமும் பதிவு செய்யச் சொன்னார்கள். புதிதாக ஏஎஃப் கண்டுபிடிக்கப்பட்டது 218 பேருக்கு, அதாவது 3%. அதில் முதல் பதிவிலேயே பிடிபட்டவர்கள் 37 பேர்தான், 0.5%. ஒருநாள் முகாமோடு நிறுத்தியிருந்தால் புதிதாகக் கண்டுபிடித்த எண் ஆறில் ஒரு பங்காகிவிட்டிருக்கும்.

டென்மார்க்கின் லூப் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 70 முதல் 90 வயதுவரை, பக்கவாத ஆபத்து இருக்கும் 6,004 பேரில் ஒரு பகுதியினருக்கு மார்புத் தோலுக்கு அடியில் பதிவுக் கருவியையே வைத்துவிட்டார்கள். கருவி வைத்தவர்களில் 31.8% பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2% பேருக்கும் ஏஎஃப் தெரியவந்தது. ஆனால் 2021இல் முடிவு வந்தபோது பக்கவாதமோ உடலின் வேறிடத்தில் ரத்த அடைப்போ வந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 4.5%, மற்றவர்களில் 5.6%, இந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை. தேடத்தேட ஏஎஃப் கிடைக்கும், ஆனால் சில நிமிடம் மட்டும் வந்துபோகும் ஏஎஃபும் நாள் முழுக்க இருக்கும் ஏஎஃபும் ஒரே அளவு ஆபத்தல்ல என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். உங்கள் அறிக்கையின் முதல் பத்தியிலேயே பதிவின் நீளமும் தடவையும் வந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பணமும் ஆளும் குறைவாக இருக்கும் கணக்கெடுப்புக்கு எங்கள் பரிந்துரை: வீட்டுக்குப் போன அன்று 30 நொடிப் பதிவு இரண்டு, முடிந்தால் வேறு நாட்களில் இன்னும் இரண்டு தடவை. குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில் ஒரே ஆளைப் பல நாள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அங்கே 50 வயது தாண்டியவர்களில் 1.6% என்று வந்தது. இலங்கையின் வட மாகாணத்திலும் 50 வயது தாண்டியவர்களிடம் ஒற்றை லீட் கருவியோடு வீடுவீடாகப் போகும் ஆய்வு திட்டமிடப்பட்டது. இவற்றோடு உங்கள் எண்ணை ஒப்பிட ஆசைப்பட்டால் வயது வரம்பையும் பதிவு நேரத்தையும் முதலில் ஒப்பிடுங்கள்.

யாரை, எத்தனை பேரை

முகாம் போட்டு வருபவர்களை எண்ணுவது பரவல் கணக்கு (ஊரில் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு) ஆகாது. முகாமுக்குப் படபடப்பு இருப்பவர் வருவார், நடக்கத் தெம்பு உள்ளவர் வருவார். கட்டிலில் கிடக்கும் 82 வயதுப் பாட்டி வரமாட்டார். ஏஎஃப் இருக்க அதிக வாய்ப்பு அவருக்குத்தான். முகாம் எண் மேலேயும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது.

வீட்டுப் பட்டியல் போட்டுத்தான் தொடங்க வேண்டும். எண்ணிக்கையைக் கணக்கிடுவது இப்படி. 50 வயது தாண்டியவர்களில் 2% இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், 0.5% முன்பின் துல்லியம் வேண்டும். 95% நம்பகத்துக்கான 1.96இன் வர்க்கம் 3.8416; அதை 0.02ஆலும் 0.98ஆலும் பெருக்கி, 0.005இன் வர்க்கத்தால் வகுத்தால் 3,012 பேர். தெருத்தெருவாக, கிராமம் கிராமமாகக் கொத்தாக ஆள் எடுப்பதால் 1.5 மடங்கு கூட்டுங்கள்: 4,518. ஐந்தில் ஒருவர் மறுப்பார் அல்லது கிடைக்கமாட்டார் என்றால் 0.8ஆல் வகுக்க வேண்டும்: 5,648. பல குழுக்கள் இந்தக் கடைசி இரண்டு படியை விட்டுவிட்டு 3,000 பேரோடு நிற்பதுண்டு. பிறகு வயது வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து நோயாளிகள்தான் மிஞ்சுவார்கள். வயது வாரியான எண் வேண்டும் என்றால் 70 தாண்டியவர்களை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்து, கடைசியில் எடை போட்டுச் சரிசெய்வதுதான் வழி.

வயது என்பது கேட்டால் கிடைக்கும் விஷயம் போலத் தோன்றும். கிடைக்காது. 60, 65, 70 என்று முழு எண்களில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருந்தால் ஆண்டை மட்டும் தோராயமாகச் சொன்னவர் என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் கடற்கரை மாவட்டங்களில் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல் நல்ல அளவுகோல்: "அப்போ நீங்க பள்ளிக்கூடம் போனீங்களா, கைக்குழந்தையா?" என்று கேட்டால் நாலைந்து வருடத்துக்குள் வந்துவிடும். ஏஎஃப் ஆய்வில் ஐந்து வருடப் பிழை சின்னப் பிழை இல்லை. ஏன் என்று பின்னால் ஃபிரேமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரில் நடந்த ஆய்வின் எண்கள் வரும்போது தெரியும்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் உடம்பு முடியாதவர்களும்தான். மற்றவர்கள் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். எட்டு மணிக்குள்ளோ, மாலை ஐந்துக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போன பிறகுதான் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். மறுத்தவர்களின் வயதையும் பாலினத்தையுமாவது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வந்தவர்களோடு ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

நாடி பிடித்துப் பார்ப்பது எவ்வளவு உதவும்

ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழுதாக 60 நொடி. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது துடிப்பின் எண்ணிக்கைக்குச் சரி, ஒழுங்கைப் பார்க்கப் போதாது. சீராக ஓடி நடுநடுவே ஒன்று தவறி, மறுபடி சீராவது எக்டோபிக் துடிப்பாக (இடையில் முந்தி வரும் தனித் துடிப்பு) இருக்கலாம். மூச்சோடு சேர்ந்து வேகமும் மெதுவுமாக மாறுவது இளையவர்களுக்கு இயல்பு. எந்தத் தாளமும் பிடிபடாமல் ஓடுவதுதான் சந்தேகத்துக்குரியது. ஏஎஃப் இருந்தால் தானியங்கி பிபி கருவி ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள்.

நாடியின் பலமும் பலவீனமும் ஒரு கணக்கில் தெரிந்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏஎஃப் உள்ள 100 பேரில் 92 பேரை நாடி பிடித்தே கண்டுபிடிக்கலாம். இல்லாத 100 பேரில் 82 பேரைச் சரியாக விலக்கலாம். இதை 1,000 பேருக்குப் போடுங்கள். 2% பரவல் என்றால் ஏஎஃப் உள்ளவர் 20. அதில் 18 பேர் பிடிபடுவார்கள். இல்லாத 980 பேரில் 176 பேருக்கும் 'சந்தேகம்' என்று வரும். ஆக 194 பேர் சந்தேகப் பட்டியலில், உண்மையாக ஏஎஃப் 18 பேருக்கு. இதே நாடியை 40 வயதுக்காரர்களிடம், ஆயிரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் ஏஎஃப் இருக்கும் கூட்டத்தில் பிடித்தால் 2 பேருக்காக 180 பேரைப் பயமுறுத்துவீர்கள். நாடி ஒரு சல்லடை. அதை வைத்து எண்ணிக்கை சொன்ன அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இசிஜி எடுக்கும்போது கெடுவது

ஒற்றை லீட் கருவியில் இரண்டு கை விரல்களையும் உலோகத் தகட்டில் வைக்க வேண்டும். வயல் வேலை, கட்டட வேலை செய்து காய்த்துப்போன விரலில் தொடர்பு சரியாகக் கிடைக்காது. விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். முழங்கையும் முன்கையும் மேசை மேலோ மடியில் வைத்த தலையணை மேலோ தளர்வாக இருக்கட்டும். கையைத் தூக்கிப் பிடித்தால் தசை நடுக்கம் பதிவாகும், அது பார்வைக்கு ஏஎஃப் மாதிரியே இருக்கும். வயதானவருக்கு ஏற்கெனவே கை நடுக்கம் இருந்தால் ஒற்றை லீடோடு மல்லுக்கட்டாமல் நேராக 12 லீடுக்குப் போங்கள். சார்ஜரில் செருகிய போனில் எடுக்கக் கூடாது. மின்விசிறி, இன்வர்ட்டர் பக்கத்தில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், நகர்ந்து உட்காருங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் தகட்டை ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது கட்டாயம். பதிவு நடக்கும்போது பேச்சு வேண்டாம். வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் இதுதான் கடினம்.

கருவியே 'ஏஎஃப் இருக்கலாம்', 'வகைப்படுத்த முடியவில்லை' என்று எழுதிக் காட்டும். அதை முடிவாக எடுக்காதீர்கள். அடிக்கடி வரும் ஏட்ரியல் எக்டோபிக், நீண்டகாலம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு வரும் பல மைய ஏட்ரியல் டாக்கிகார்டியா (மேலறைகளின் பல இடங்களிலிருந்து துடிப்பு கிளம்பும் கோளாறு) இரண்டையும் கருவி ஏஎஃப் என்று சொல்லக்கூடும். நேர்மாறாக, பேஸ்மேக்கர் இருந்தாலோ முழு ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்தூண்டல் கீழறைக்குப் போகாத நிலை) சேர்ந்திருந்தாலோ அடியில் ஏஎஃப் இருந்தும் துடிப்பு சீராகத் தெரியும். இவற்றை 12 லீடில்தான் பிரிக்க முடியும். நொடிக்கு 25 மி.மீ. வேகம், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம், லீட் 2இல் நீளமான ஒரு துண்டு தனியே எடுங்கள். வி1 என்ற மார்பு லீடில் பி அலையைத் தேடுங்கள், அங்கே தெரியாவிட்டால் பெரும்பாலும் எங்கும் தெரியாது.

சந்தேகப் பதிவு அத்தனையையும், சீரானது என்று வந்ததில் இருபதில் ஒன்றையும், இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் படிக்க வேண்டும். மாறுபட்டால் மூன்றாமவர். சீரானதையும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கருவி தவறவிட்டது எத்தனை என்பது வேறு எப்படித் தெரியும்?

வால்வைப் பார்க்காமல் விடக் கூடாது

மேலை நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்து வந்தால் நம் பக்கத்தில் பெரிய ஓட்டை விழும் இடம் இது. பல நாட்டு ஏஎஃப் நோயாளிகளைப் பதிவு செய்த ஒரு பெரிய ஆய்வில் ருமாட்டிக் இதய நோய் வட அமெரிக்காவில் 2.2% பேருக்கு இருந்தது, இந்தியாவில் 31.5%. சிறுவயதில் தொண்டைப் புண்ணும் மூட்டுவலியுமாக வந்த காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட, 35 வயதுப் பெண்ணுக்கே ஏஎஃப் வந்துவிடும். 50 வயதில் கோடு போட்டால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அப்படிக் கோடு போட்டால் தவறில்லை, ஆனால் அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

ஏஎஃப் உறுதியான ஒவ்வொருவருக்கும் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) எடுக்க ஏற்பாடு வேண்டும். "சின்ன வயசுல மூட்டுவலிக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டாங்களா?" என்ற கேள்வியையும் படிவத்தில் சேருங்கள், பென்சிலின் ஊசியைக் கேட்கும் வழி அது. மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தாலும், உலோக வால்வு வைத்திருந்தாலும் கீழே வரும் மதிப்பெண் முறை அவர்களுக்குப் பொருந்தாது. மதிப்பெண் எதுவானாலும் வார்ஃபரின் வகை மருந்துதான். 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் ஏஎஃப் நோயாளிகளிடம் ரிவராக்சபானை இந்தப் பழைய மருந்தோடு ஒப்பிட்டது. பழைய மருந்து எடுத்தவர்கள்தான் குறைவாக இறந்தார்கள், ரத்தக்கசிவும் கூடவில்லை.

பக்கவாத மதிப்பெண் போடுவது

சாட்ஸ்-வாஸ்க் என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு 2010இல் வந்தது. இதயச் செயலிழப்புக்கு 1, உயர் ரத்த அழுத்தத்துக்கு 1, நீரிழிவுக்கு 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய்க்கு 1, 65 முதல் 74 வயதுக்கு 1, 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, முன்பு பக்கவாதமோ சற்று நேரத்தில் சரியான பக்கவாதமோ வந்திருந்தால் 2, பெண் என்றால் 1. உச்சம் 9. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் பாலினத்துக்கான ஒரு மதிப்பெண்ணை எடுத்துவிட்டது, இப்போது அங்கே உச்சம் 8. எந்த வடிவத்தில் போட்டீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் ஊர்ப் பெண்களின் ஆபத்து ஒரு படி தள்ளித் தெரியும். இரண்டையும் போட்டுவிடுவதே பாதுகாப்பு. தனித்தனிக் கூறுகளைச் சேமித்தால் கணினி எந்த வடிவத்தையும் போட்டுக் கொடுக்கும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் படிவத்தில் எழுதும் பழக்கத்தை விடுங்கள்.

ஒரே ஒரு நாள் பிபி 142/90 இருந்ததற்காக உயர் ரத்த அழுத்தம் என்று ஒரு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. புதிய ஆள், கையில் கருவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்; யாருக்கும் ஏறும். மருத்துவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அல்லது மருந்து எடுக்க வேண்டும், அல்லது வேறொரு நாளும் கூடுதலாக இருக்க வேண்டும்.

பக்கவாதத்தை எண்ணுவது

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வரையறை களத்துக்கு இன்றும் போதும்: திடீரென வந்த நரம்புக் குறை, 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது அல்லது மரணத்தில் முடிந்தது, ரத்தக்குழாய் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வீட்டில் இப்படி யாரும் பேசமாட்டார்கள். "கை கால் விழுந்துபோச்சா, வாய் கோணிச்சா, பேச்சு குழறிச்சா, எவ்வளவு நாள் இருந்துச்சு?" என்று கேளுங்கள். வாய் மட்டும் கோணி, ஒரு பக்கக் கண்ணை மூட முடியாமல், கை காலில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் முகவாதமாக இருக்கலாம். பல வருடமாகக் கால் மரத்துப்போவதை நீரிழிவுக்காரர்கள் பக்கவாதம் என்று சொல்வதும் உண்டு. சிடி ஸ்கேன் படமோ அறிக்கையோ இருந்தால் ரத்தக்கசிவா அடைப்பா என்று பிரியுங்கள்; ஏஎஃப் கொண்டுவருவது அடைப்பை.

இதில் பெரிய பொறி, உயிரோடு இருப்பவர்களை மட்டும் கேட்பது. ஏஎஃபால் வரும் பக்கவாதம் மற்றவற்றைவிடக் கடுமையானது, இறப்பும் அதிகம். இறந்தவர் கதவைத் திறந்து பதில் சொல்ல மாட்டார். ஒரே தடவை வீட்டுக்குப் போகும் ஆய்வில் ஏஎஃபுக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரிவது இதனால்தான். வீட்டுப் பட்டியல் போடும்போதே "கடைசி இரண்டு வருஷத்துல இந்த வீட்டுல யாராவது தவறிட்டாங்களா, எப்படி?" என்று கேட்டுவிடுங்கள்.

ஊரில் வரும் பக்கவாதத்தில் ஏஎஃபின் பங்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல பாடம். 5,070 பேரை 34 வருடம் தொடர்ந்து பார்த்து 1991இல் வெளியிட்ட கட்டுரையில், ஏஎஃப் இருந்தால் பக்கவாதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த ஐந்தைத்தான். அதைவிடப் பயனுள்ளது வயது வாரிப் பட்டியல். 50 முதல் 59 வயதில் ஏஎஃப் 0.5% பேருக்கு, ஒப்பீட்டு ஆபத்து (ஏஎஃப் இல்லாதவரைவிட எத்தனை மடங்கு பக்கவாதம் என்பது) 4.0. அறுபதுகளில் 1.8%, 2.6. எழுபதுகளில் 4.8%, 3.3. எண்பதுகளில் 8.8%, 4.5.

பங்கைக் கணக்கிட, ஒப்பீட்டு ஆபத்தில் ஒன்றைக் கழித்து, வரும் எண்ணைப் பரவலால் பெருக்குங்கள். வந்த எண்ணை, அதோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். ஐம்பதுகளுக்கு 0.005 × 3 = 0.015, 0.015 ÷ 1.015 = 1.5%. எண்பதுகளுக்கு 0.088 × 3.5 = 0.308, 0.308 ÷ 1.308 = 23.5%. இடையில் உள்ள இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள், 2.8%, 9.9% வர வேண்டும். ஐம்பதிலும் எண்பதிலும் மடங்கு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பங்கு 1.5இலிருந்து 23.5க்கு ஏறியது எத்தனை பேருக்கு ஏஎஃப் இருக்கிறது என்பதால். வயதில் ஐந்து வருடப் பிழை வந்தால் எங்கே அடிக்கும் என்பது இப்போது புரிந்திருக்கும். ஃபிரேமிங்ஹாமின் பங்கை எடுத்து உங்கள் ஊருக்கு ஒட்டுவதும் இதனால்தான் தவறு. உங்கள் ஊரின் வயது அமைப்பும் பரவலும் வேறு. மடங்கை வேண்டுமானால் கடன் வாங்கலாம், பங்கை முடியாது.

தொடர்ந்து பார்க்கும் ஆய்வு என்றால் ஆட்களை எண்ணாமல் ஆள்-வருடங்களை (ஓர் ஆளை ஒரு வருடம் பார்த்தால் ஓர் ஆள்-வருடம்) எண்ணுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஏஎஃப் உள்ளவர்கள் 640 ஆள்-வருடத்தில் 26 பக்கவாதம், அதாவது நூறு ஆள்-வருடத்துக்கு 4.1, இல்லாதவர்கள் 13,000 ஆள்-வருடத்தில் 104, அதாவது 0.8. மடங்கு ஐந்து. ஆனால் முதல் கூட்டத்தின் சராசரி வயது 74, இரண்டாவதற்கு 61 என்றால் அந்த ஐந்தில் ஒரு பகுதி வயதின் வேலை. வயதுக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒப்பிட்ட பிறகுதான் வெளியில் சொல்ல வேண்டும்.

2020இல் ஏஎஃப் இல்லாமல் சேர்ந்தவருக்கு 2023இல் ஏஎஃப் தெரிந்து 2025இல் பக்கவாதம் வந்தால், முதல் மூன்று வருடம் 'இல்லை' கணக்கில், பின் இரண்டு வருடம் 'உண்டு' கணக்கில். ஐந்தையும் ஏஎஃப் பக்கம் போட்டால், பக்கவாதமே வர முடியாத மூன்று வருடத்தை ஏஎஃபுக்குத் தானம் செய்கிறீர்கள். ஆபத்து குறைவாகத் தெரியும். அதேபோல் யாரெல்லாம் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் குறிக்க வேண்டும். பாதிப் பேர் மருந்தில் இருக்கும் ஊரில் வரும் வீதம் மருந்தோடு சேர்ந்த வீதம். வயதானவர்கள் பக்கவாதம் வரும் முன்பே வேறு காரணத்தால் இறப்பதும் அதிகம். கப்லான்-மையர் வளைவை (நாளாக ஆக எத்தனை பேர் பக்கவாதம் வராமல் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் கோடு) மட்டும் போட்டால் பத்து வருட ஆபத்து உண்மையைவிட உயர்ந்து தெரியும், மரணத்தைப் போட்டி நிகழ்வாக (பக்கவாதம் வரும் வாய்ப்பையே முடித்துவிடும் நிகழ்வாக) எடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

கண்டுபிடித்தவர்களை என்ன செய்வது

முதல் வீட்டின் கதவைத் தட்டும் முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது, எக்கோ எங்கே, ஐஎன்ஆர் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு) எங்கே. துடிப்பு 110க்கு மேல் போய் மூச்சிரைப்போ மார்வலியோ மயக்கமோ இருந்தால் அன்றே 108ஐக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை போகிறது; அந்தப் பணியாளரிடம் பெயரைச் சொல்லிவைத்தால் நோயாளி மருந்தை நிறுத்திவிட்டாரா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. வார்ஃபரின் எடுக்க முடியாத 5,599 பேரிடம் நடந்த அவெர்ரோஸ் ஆய்வு 2011இல் வந்தது. ஆஸ்பிரினில் வருடத்துக்கு 3.7% பேருக்கும் அபிக்சபானில் 1.6% பேருக்கும் பக்கவாதமோ வேறிட அடைப்போ வந்தது. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் 1.2%, அபிக்சபானில் 1.4%, பெரிய வித்தியாசம் இல்லை. வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையே சாப்பிடாதே என்று சொல்லி அனுப்பாதீர்கள். வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, வலி மாத்திரை எடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள். எந்த மருந்தையும் களக்குழு தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது; அது மருத்துவரின் வேலை.

ஏஎஃப் இல்லை என்று வந்தவருக்குக் கொடுக்கும் சீட்டில் 'நோய் இல்லை' என்று அச்சடிக்காதீர்கள். 'இன்று எடுத்த 30 நொடிப் பதிவில் துடிப்பு சீராக இருந்தது' என்று தேதியோடு எழுதி, பதிவின் நகலையும் பின்னால் இணைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அவருக்குப் படபடப்பு வந்து மருத்துவரிடம் போனால், அந்த மருத்துவருக்கு ஒப்பிட ஒரு பழைய இசிஜி கையில் இருக்கும்.